பனிமலைக்கு வைத்த பெயர்

"ஆன்ட்டி, அதை உள்ளுக்குக் கொண்டு போகாதீங்கோ."

தக்ஷிகா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். கிரிஜாவின் கையில் நீளமான அட்டைக் குழல் ஒன்று இருந்தது. உள்ளே மண்டபத்தில் அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி லண்டனின் வெம்பிளி, ஹரோச் சனம் முழுக்க நின்றது. தேவாரம் பாதியில் இருந்தது.

"ஏம்மா? உங்கப்பா இருபத்திரண்டு வருஷம் எங்களோட இருந்து வரைஞ்ச மேப். அதுல அவர் பேர் வந்திருக்கு. அம்மா பார்க்க வேண்டாமா?"

"அதில இருக்கிறது அப்பாட பேர் இல்லை."

கிரிஜா அவளைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனாள்.

அப்பா அருட்பிரகாசம், கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் படம் கீறிப் பழகியவர். லண்டனுக்கு வந்தபிறகு கிரிஜா வேலை செய்யும் அதே வரைபட அலுவலகத்தில், விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து அந்தாட்டிக்கா மலைகளுக்குச் சமவுயரக் கோடுகள் போட்டார். அங்கே அவர் போனதேயில்லை. ஸ்கொட்லாந்துக்குக்கூடப் போனதில்லை. "அந்தாட்டிக்காவில ஒரு சமையல்காரன்ர பேரில பனியாறு இருக்கு, வண்டி இழுத்த நாய்க்கும் ஒரு முனை இருக்கு. எனக்கு மட்டும் ஹரோவில ஒரு கார் பார்க்கிங் கூட இல்லை" என்று சாப்பாட்டு மேசையில் சிரிப்பார். பனிப்பரப்பைத் துளைத்துக்கொண்டு தனியே நிற்கும் பாறைமுனை ஒன்றுக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று இடப்பெயர்களை முடிவு செய்யும் குழு எழுதிக் கேட்டபோது, சர்க்கரை வியாதி அவருடைய கண்ணை எடுத்துவிட்டிருந்தது.

"அவற்ற மெயில் எல்லாம் நான்தான் பாக்கிறனான், ஆன்ட்டி" என்றாள் தக்ஷிகா. "அண்டைக்கு அடுத்த நாள் எனக்குக் கெமிஸ்ட்ரி மொக் சோதினை. அப்பா பக்கத்தில இருந்து, 'அருட்பிரகாசம் எண்டு போடு பிள்ளை, வேற ஒண்டும் போடாத' எண்டு ரெண்டு தரம் சொன்னவர். நான் ஓம் ஓம் எண்டிட்டு, கவுன்சில் ஃபோம், ஆஸ்பத்திரி ஃபோமில போடுற மாதிரி சேர்நேம், குடும்பப் பேர் எண்ட இடத்தில கனகலிங்கம் எண்டு அடிச்சு அனுப்பிட்டன். பாஸ்போட்டில அப்பிடித்தானே இருக்கு."

"கனகலிங்கம் உங்க தாத்தா பேரா?"

"ஓம்."

"எங்க வீட்லயும் இதே கூத்துதான். ஏர்போர்ட்ல என்னை எங்கப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான்." கிரிஜா அவள் தோளைத் தட்டினாள். "போகட்டும், சொந்த அப்பா பேர்தானே?"

தக்ஷிகா தலையாட்டினாள், இல்லை என்று. அம்மா ராஜலட்சுமியைக் கலியாணம் முடித்துக்கொண்டு அப்பா ஊருக்குப் போனபோது, அந்தக் கனகலிங்கம் சாதியைச் சொல்லி அம்மாவை வாசல் படலைக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்தவர். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை; படிவங்களில் மட்டும் அது கூடவே வந்தது.

"பேர் முடிவாகி மெயில் வந்த நேரம் அப்பா ஆஸ்பத்திரியில. வாசி எண்டவர். நான் அருட்பிரகாசம் எண்டு மாத்தி வாசிச்சன். ஒருக்கால் கூட வாசி, இன்னும் ஒருக்கால் எண்டு மூண்டு தரம் வாசிக்க வச்சவர். வியாழக்கிழமை போயிட்டார்."

கிரிஜா கையிலிருந்த குழலைப் பார்த்தாள்.

"இது இன்னும் ட்ராஃப்ட்தான். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மா கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தா மாத்திடலாம். ஆனா இந்த மாசத்துக்குள்ள."

"அப்ப அம்மாட்டைச் சொல்லோணும்."

"ஆமா, சொல்லித்தான் ஆகணும்."

"என்ன பிள்ளை, ரெண்டு பேரும் இதில நிண்டு குசுகுசுக்கிறியள்?"

அப்பாவின் அண்ணன், பெரியப்பா ஆனந்தராஜா. மனோர் பார்க்கில் இருக்கிறார். ஒரே லண்டன்தான், இருந்தும் தக்ஷிகா அவரை இதற்கு முன் இரண்டு முறைதான் கண்டிருக்கிறாள். "ஒஃபிஸ் ஆக்களோ? வாங்கோ, வாங்கோ" என்று குழலைக் கிரிஜாவின் கையிலிருந்து உரிமையோடு வாங்கினார். தக்ஷிகா கையை நீட்டினாள். அதற்குள் அவர் மூடியைக் கழற்றிப் படத்தை விரித்துவிட்டார்.

வெள்ளைத் தாள். மெல்லிய நீலக் கோடுகள். நடுவில் ஒரு பெயர்.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். உதடு அசைந்தது. பிறகு சத்தமாக வாசித்தார்.

"அப்பாட பேரை வச்சிருக்கிறான்... தம்பி அப்பாட பேரை வச்சிருக்கிறான்!"

தேவாரம் நின்றது. சனம் திரும்பியது. "ஊரில ஒரு தெரு ஒழுங்கைக்குக் கூட எங்கட ஆக்களின்ர பேர் இல்லை, அங்க பார், மலைக்கு" என்றார் யாரோ. பெரியப்பா படத்தை நெஞ்சோடு பிடித்தபடி பெட்டியடிக்குப் போனார்.

"ராஜி பிள்ளை, அண்டைக்கு உம்மைப் படலையில மறிக்கேக்குள்ள நானும் பக்கத்திலதான் நிண்டனான். வாய் திறக்கேல்லை. அவன் எல்லாத்தையும் மன்னிச்சிட்டான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே." அறுபத்தெட்டு வயது மனிதர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

அம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு தக்ஷிகாவைப் பார்த்தாள்.

"அம்மா..."

"பன்னிரண்டரைக்குத் தகன மண்டபத்தில நிக்கோணும்" என்றாள் அம்மா. "பூவைப் போடு."

காரில் பின்னால் அம்மாவும் தக்ஷிகாவும் மட்டும். பெட்டி ஏற்றிய வண்டி முன்னே போனது. பெரியப்பா படத்தோடு அதில் இருந்தார்.

"அப்பா கேட்டவரோ, அந்தப் பேரை?"

"இல்லை. நான்தான் பிழையாப் போட்டனான்."

"அவருக்கு என்னெண்டு வாசிச்சனீ?"

"அருட்பிரகாசம் எண்டு."

அம்மா சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மழை பெய்யத் தொடங்கியிருந்தது. சிவப்பு விளக்கில் கார் நின்று, மறுபடி புறப்பட்டது.

"ஆஸ்பத்திரியில ரெண்டு நாளா நேர்ஸ்மாருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு கிடந்தார், தன்ர பேரில மலையாம் எண்டு" என்றாள். சற்றுப் பொறுத்து, "மாத்தேலுமோ?"

"நீங்கள் கையெழுத்து வச்சால் ஏலுமாம்."

"நான் வைக்கிறன்." அம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆனால் பெரியப்பாட்டை நீதான் சொல்லோணும். என்னால ஏலாது."

தகன மண்டபத்தில் முந்தைய குடும்பம் இன்னும் வெளியேறவில்லை. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டுமென்றார்கள். பெரியப்பா தாழ்வாரத்து வாங்குப் பலகையில் தனியே இருந்தார். மடியில் படம் விரிந்திருந்தது. மழைச் சாரல் படாமல் கோட்டின் ஒரு பக்கத்தை அதன்மேல் பிடித்திருந்தார். தக்ஷிகா போய் அவர் முன்னால் நின்றாள்.

"பெரியப்பா, ஒரு விஷயம்..."

"வா பிள்ளை, இதில இரு." அவர் நகர்ந்து இடம் விட்டார். "எனக்கு இதுகள் விளங்காது. இதில தம்பி கீறின கோடு எது?"

அவள் உட்கார்ந்தாள்.

"எல்லாம் அப்பா கீறினதுதான், பெரியப்பா."

அவர் சுட்டுவிரலை வெளிக்கோட்டில் வைத்து, வளைவு வளைவாக, மெல்ல நகர்த்தத் தொடங்கினார். சொல்ல வந்ததை நிறுத்தி வைத்து, அந்த விரல் சுற்றி வந்து முடியும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.