கூப்பிடு தூரம்

பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் பஸ் டிரைவருக்கு நான் வைத்த பெயர் வெண்கலத் தொண்டை. வேலை முடிந்து வந்ததும் போனை எடுத்து, எனக்குப் புரியாத பாஷையில் ஊரைக் கூட்டுவார். இந்த வெளிநாட்டுக்கு வந்து, பகல் முழுக்கத் தையல் மெஷின் இரைச்சலில் கிடந்துவிட்டு வீடு திரும்பினால் இது வேறு. காதில் பஞ்சு அடைத்தேன். கரண்டியால் சுவரைத் தட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நேற்று சாயங்காலம் நேரிலேயே கேட்டுவிடுவது என்று செருப்பை மாட்டினேன். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அம்மாவுக்குக் காது மந்தம். அவளிடம் தொண்டை கிழியக் கத்தித்தான் பேச வேண்டும்.

"அங்க என்னடி சத்தம்?"

அம்மாவுக்கே கேட்டுவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பக்கத்து வீட்டு ஆளும்மா. தினமும் இதே ரோதனை. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரேன்."

"வேணாம்டி."

"ஏன்?"

"நீ தனியா இருக்கியேன்னு எனக்குத் தூக்கமே வர்றதில்ல. கூப்பிடு தூரத்துல ஒரு மனுஷன் இருக்கான்ல."

"அவருக்கு எங்கம்மா நாம கூப்பிட்டா கேக்கப்போகுது?" என்று கத்தினேன்.

உடனே சுவரில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம். என் கூச்சல் அவருக்குத் தாங்கவில்லை. அவரும் கரண்டியால்தான் தட்டியிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு அதுவும் கேட்டது.

"பாத்தியா, கேக்குது," என்றாள்.