மூன்றாவது மரக்காணம்

பவர்லூம் சத்தத்தில் போன் பேச முடியாமல் தெருவுக்கு வந்தேன். கடற்படையிலிருந்து ஓர் இளம் அதிகாரி. மரக்காணம் என்ற பெயரில் மூன்றாவது கண்ணிவெடி அகற்றும் கப்பல் வருகிறதாம். முந்தைய இரண்டிலும் நான் வேலை பார்த்தவன் என்பதால், விழா மலருக்கு ஏதாவது சொல்லச் சொன்னார்.

"முதல் கப்பல் மரத்துல கட்டினது. இரும்பா இருந்தா கண்ணிவெடி மோப்பம் புடிச்சிடும். அது பழசாச்சுன்னு உடைச்சிட்டு, அதே பேர்ல இன்னொண்ணு வுட்டாங்க."

"ரெண்டுலயும் சேர்த்து எத்தனை வெடி எடுத்தீங்க சார்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுகூடவா?"

எனக்கு எரிச்சல் வந்தது. சிலவகைக் கண்ணிவெடி நாலைந்து கப்பலைச் சும்மா போகவிட்டு, அடுத்ததன் அடியில்தான் வெடிக்கும். அதனால் துறைமுக வாசலில் போன தடத்திலேயே திரும்பத் திரும்பப் போவோம். நேற்று ஒன்றும் இல்லை என்பதற்காக இன்று போகாமல் இருக்க முடியாது. என் வாலிபம் அந்த ஒரே தண்ணீரில் போனது.

"அப்போ மலர்ல என்ன சார் போடறது?"

"எங்க பின்னாடி வந்த கப்பலெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துச்சுன்னு போடுங்க."

சரி என்று இழுத்துவிட்டுப் போனை வைத்தார்.

உள்ளே என் மனைவி ஜெயம் தறியை நிறுத்தி, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நிமிராமலே கேட்டாள்.

"மூணாவதா ஒண்ண அனுப்பறாங்கன்னா, இத்தினி வருஷமா தேடிகினு இருந்தீங்களே, நீங்க சரியா பாக்கலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தறியை ஓடவிட்டாள்.