சேற்றில் விழுந்த பிறைக்கட்டை

மறுகரை கண்ணுக்கெட்டாத தென்சீனக் கடலின் நடுவே, மலையும் காடும் செறிந்த சிறுதீவொன்றின் வளைகுடாவில், பாய்மரக்கலமேறி வந்த சீன முன்னோர் நீரின்மேல் கால்நட்டு எழுப்பிய தெலுக் புலாய் என்னும் ஊர், கதிரவன் மேற்கே சாய, வற்றுநீர் விலகி மரக்கால்களையும் கருஞ்சேற்றையும் வெளிக்காட்ட, பறையொலியும் நறும்புகையும் நிறைந்து நின்றது. ஊர்த்தெய்வமாம் கடலன்னைக்கு ஊதுவத்தி ஏற்றும் புகைக்கலத்தை ஓராண்டு தன் இல்லத்தில் வைத்து, ஒருநாளும் புகையவியாமல் காக்கும் பேறு எவனுக்கு என்று பிறைவடிவ மரக்கட்டை இரண்டை வீசி அன்னையிடம் கேட்டறியும் நாள் அது. ஊரே களித்திருக்க, தியோ கெக்செங் ஒருவன் மட்டும் முள்மேல் நிற்பவனாய்த் தவித்தான்.

அவன் தவிப்பைக் கேளுங்கள். மகளோடு பாத்தாம் நகருக்குச் சென்றுவிட்ட மனைவி சியூயிம், “பதினாறாம் நாள் கப்பல்ல வா. வரலைன்னா, அப்புறம் எந்தக் கப்பல்லயும் வராதே” என்று சொல்லியனுப்பியிருந்தாள். விடிந்தால் பதினாறு. வலைகளை அயலூரானுக்கு விற்று, மூட்டைகளையும் கட்டி முடித்தவன், அப்பேற்றுக்குரியோர் பெயரெழுதிய கோயில் ஏட்டிலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்லவில்லை. இறந்தார் பெயரையன்றி நீக்கும் வழக்கம் அவ்வூரில் இல்லையாதலின், உயிரோடிருந்துகொண்டு அதைக் கேட்க நாவெழவில்லை அவனுக்கு. நாற்பது பெயருள் தன் பெயரா வரப்போகிறது என்று வாளாவிருந்தான், பேதை!

வந்தது. இரு கட்டைகளுள் ஒன்று தட்டைப் பக்கமும் மற்றொன்று குவிந்த பக்கமும் மேலாக விழுந்தால் அன்னையின் இசைவு. இரண்டும் குவிந்த பக்கம் மேலாகக் கிடந்தால் மறுப்பு. வேறெவர்க்கும் இல்லாதவாறு, அவன் பெயருக்கு இசைவு இடைவிடாது ஏழுமுறை விழுந்தது.

“ஏழுடா டேய்! எங்கப்பன் காலத்துலகூட அஞ்சைத் தாண்டினதில்ல!” என்று கோயில் தலைவர் லிம் போஹுவாட் அவன் முதுகில் அறைந்தார். “அன்னைக்கு உன்மேல என்ன இவ்வளவு ஆசை?”

“பொண்டாட்டி இல்லாத வீடுன்னு தெரிஞ்சுபோச்சோ என்னவோ,” என்றாள் அடுத்த வீட்டு நியோ அக்கா. ஊர் கொல்லென்று சிரித்தது.

சிரித்தபடியே கலத்தைச் சுமந்து அவன் இல்லம் புகுந்தவர்கள், வெறுஞ்சுவரையும் கயிறு வரிந்த மூட்டைகளையும் கண்டு கலத்தைத் தரையில் இறக்கிவைத்தனர்.

“என்னடா இது?” என்றார் தலைவர்.

“நாளைக்குக் கப்பல் ஏறுறேன், பெரியப்பா. சியூயிம் கூப்பிட்டுட்டா.”

“ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாங்கல்லாம் உனக்கு யாரோவா?” என்று நியோ அக்கா ஒரு மூட்டையின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

“நாம கத்தி என்ன ஆகப்போவுது?” என்றார் தலைவர். “ஆளைப் பிடிச்சது அன்னை. விடுவாளான்னு அவகிட்டயே கேளு. போன்னா போ. வேண்டாம்னா இருந்துதான்டா ஆகணும்.”

மண்டியிட்டு, ‘போகட்டுமா தாயே’ என்று கேட்டு வீசினான் கெக்செங். ஒரு கட்டை குவிந்த பக்கம் மேலாகக் கலத்தின் முன் கிடந்தது. மற்றொன்று உருண்டோடித் தரைப்பலகை இடுக்கில் நழுவிக் கீழே சேற்றில் விழுந்தது.

“எடுத்துடாதே! எப்படிக் கிடக்குன்னு பார்த்துச் சொல்லு! இங்கேருந்து ஒரே இருட்டா இருக்கு!” என்றார் தலைவர்.

கெக்செங் ஏணியிறங்கி, முழங்காலளவு சேற்றில் அளைந்து, மரக்கால்களின் நிழலுள் அதைக் கண்டான். அதுவும் குவிந்த பக்கம் மேலாகவே கிடந்தது. ஐயத்திற்கு இடமேயில்லாத மறுப்பு. துறைமுகத்தில் மகளின் கைபற்றிக் காத்து நின்று, இறங்குவோரையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிச் செல்லும் சியூயிம் அவன் கண்முன் வந்தாள். கட்டையைக் கையில் எடுத்தான், சேற்றைத் துடைத்தான்.

“தட்டை மேலே!” என்று கூவினான்.

மேலே மகிழ்ச்சி ஆரவாரம் எழுந்தது. எவரும் எட்டிப் பார்க்கவில்லை. எவரும் மறுபடி கேட்கவில்லை. நியோ அக்கா கருவாட்டுப் பொட்டலம் கட்டினாள். தலைவர், கலத்தை அடுத்த பெயருக்கு மாற்றுவதாகச் சொல்லி, அதன் சாம்பலில் ஒரு பிடி அள்ளிச் செந்தாளில் மடித்து, “நம்ம பாட்டனுங்க சீனாவிலேருந்து அன்னையை இப்படித்தான்டா கொண்டாந்தாங்க. அங்கேயும் உன்கூட இருப்பா,” என்று அவன் மடியில் செருகினார்.

பாத்தாமில் அவனைக் கண்ட சியூயிம் அழுதாள், சிரித்தாள், அவ்வின்பம் பொய்யன்று. சாம்பலைப் புதுக்கலத்தில் இட்டு நாடோறும் புகையேற்றினாள். ஆண்டுகள் சில கழிந்து, மகளின் மணம் குறித்து ஒருநாள் கட்டை வீசி, “அன்னை சரின்னுட்டா! நீங்களும் ஒரு தடவை கேளுங்களேன்,” என்று நீட்டினாள். “வந்துடறேன்,” என்று எழுந்து போனவன், அந்திவரை தெருத்தெருவாய் நடந்தான். அவன் சொல்லை ஒருவரேனும் ஐயுற்றிருந்தால், அவரோடு சண்டையிட்டாவது நெஞ்சு ஆறியிருப்பான். நம்பி வழியனுப்பி வைத்த ஊரிடம் அவன் எதைச் சொல்லி ஆறுவான்?