மறு ஏலத்துக்கு வராத நாவல்

என் மனைவி ஆஷ்லின் பெரிய நாவலாசிரியை. டெல்லி வரை போய் விருது வாங்கியவள். ஏற்காட்டுக்கு வரும் டூரிஸ்ட்டுகள் நாகலூரில் எங்கள் வீட்டைத் தேடிப்பிடித்து, வாசலில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். மிளகு வியாபாரியான இந்த ஜாபெஸ் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறான். பெருமைதான். ஆனால் இரண்டாவது டம்ளர் கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விருது வாங்கிய அந்த நாவலுக்குப் பிறகு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம், பக்கத்து வீட்டுச் செல்வமேரி அக்கா. அக்காவின் தம்பி ஜேசுதாஸ், மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்து செத்துப்போனவன். குடித்துவிட்டு ஏறினான் என்பது ஊருக்கே தெரியும். ஆஷ்லின் பெயரை மட்டும் மாற்றி அதையும் எழுதிவிட்டாள். யாரோ போய் வத்தி வைக்க, அக்கா எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

"அவங்க மொகத்தெப் பாத்துட்டு எப்படீங்க பேனாவெத் தொடறது?" என்பாள் ஆஷ்லின்.

போன அறுப்பின் பண்டிகையன்று என் பொறுமை போய்விட்டது. சர்ச்சில் எல்லோரும் பூசணி, வாழைத்தார், சேவல் என்று காணிக்கை வைத்த மேசையில், ஊரே போட்டி போட்டு எடுப்பதைப் பார்த்தாவது எழுதுவாள் என்று, அவளிடம் கேட்காமலே அந்த நாவலை வைத்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் மனமுவந்து திருப்பிக் கொடுத்தால் மறு ஏலம். ஒரே சேவல் நாலு பேர் கைமாறும், சபைக்கும் வருமானம்.

போதகர் நாவலைத் தூக்கிக் காட்டியதும் ஆஷ்லின் பார்த்த பார்வையிலேயே எனக்கு அன்றைக்குச் சோறு கிடையாது என்று தெரிந்துவிட்டது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். டீச்சரம்மா எடுத்தார், அவரும் திருப்பிக் கொடுத்தார். வழக்கம்தான். இருந்தாலும், வீட்டுக்குக் கொண்டுபோக ஒருத்தருக்கும் மனசில்லையே என்று எனக்கு ஆத்திரம். ஆஷ்லின் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது செல்வமேரி அக்கா கையைத் தூக்கினார். போட்டிக்கு யாரும் வரவில்லை. போதகர் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, "மறு ஏலத்துக்குங்களா?" என்று கேட்டார். திரும்ப வாங்கிக்கொள்ளக் கையும் நீட்டினார்.

"குடுக்க மாட்டேனுங்க. எந்தம்பிக்கு ஒரு போட்டோகூட இல்லீங்க. பேத்தி இப்பத்தான் இதெ எரவல் வாங்கியாந்து படிச்சுக் காட்டுனா. இதுல வர்றவன் அச்சு அசலா அவனாட்டமே பேசறானுங்க."

அக்கா நேராக ஆஷ்லினிடம் வந்து நின்றார்.

"குடிச்சதெல்லாம் எழுதுனயே, அவஞ் சிரிப்பெ மட்டும் எப்படிக் கண்ணு எழுதாம உட்டே?"

"அக்கா..."

"அடுத்ததுல எழுதிப்போடு சாமி."

ஆஷ்லின் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? அந்த ஒரு வார்த்தைக்கு அக்காவுக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சர்ச் வாசலில் பண்டிகைச் சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். ஆஷ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சோறு அப்பறம் பாத்துக்கலாமுங்க. ஊட்டுக்கு வண்டியெ எடுங்க, எழுதோணும்."