புறாவின் அடியில் இரண்டு துளைகள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ரொட்டியிலிருந்து வந்தது. தோஹாவில் ஒரு கடையில் ஈஸ்டருக்காக அடுக்கியிருந்தார்கள். இத்தாலிக்காரர்களின் இனிப்பு ரொட்டி. கொலொம்பா என்று பெயர். புறா என்று அர்த்தமாம். சிறகு விரித்த புறா மாதிரி காகித அச்சில் சுட்டு, மேலே பாதாமும் சர்க்கரையும் தூவியிருந்தது. வீட்டில் வந்து பிரித்தால் அடிக் காகிதத்தில் இரண்டு துளைகள். எலி கடித்ததோ என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். விசாரித்தபோதுதான் தெரிந்தது: ஓவனிலிருந்து எடுத்த கையோடு கம்பி குத்தித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் ஆறுவதற்குள் நடுவில் அமுங்கிவிடும்.

கம்பியைக் குத்தியவன் யார் என்று யோசித்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

2.

முதல் தொடக்கம்: "பாலைவனத்து வெயில் ஐயப்பனின் முதுகில்..."

வேண்டாம். ஐயப்பன் வேலை செய்வது பேக்கரிக்குள். வெயில் இல்லாமல் வளைகுடாக் கதையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

இரண்டாவது: ஐயப்பன் சிவகங்கைப் பக்கத்துக்காரன். தங்கை கனகாவின் புருஷன் மணிகண்டனுக்கு விசா எடுத்து, தான் இருக்கும் பேக்கரியிலேயே சேர்த்துவிட்டவன். தோஹாவின் நஜ்மா பகுதியில் ஒரே ரூம். அடுக்குக் கட்டிலில் மாப்பிள்ளை கீழே, இவன் மேலே.

இது போதும்.

3.

ஈஸ்டர் வாரம், லீவு கிடையாது. மதிய டூட்டியில் மணிகண்டன் மாவு மெஷினை விட்டு வந்தான். முகமெல்லாம் வேர்வை. (ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஐயப்பன் இதை அப்போதே கவனித்தானா? கவனித்தான் என்றே வைக்கிறேன். தப்பிக்க அவனுக்கு வழி விடக் கூடாது.)

"மச்சான், நெஞ்சு என்னமோ பண்ணுது. கொஞ்சம் வாயேன்."

"கேஸா* இருக்கும் மாப்ள. போயி உக்காரு. இந்த ட்ரேய மட்டும் கவுத்துட்டு ஓடியாறேன்."

பின்னால் சூப்பர்வைசர் இர்ஷாத்தின் குரல்: "யல்லா, யல்லா! சீக்கிரம்! அமுங்கிச்சுன்னா மொத்தமும் குப்பைக்குத்தான்!"

ஐயப்பன் கவிழ்த்தான். அது முடிவதற்குள் அடுத்த ட்ரே வந்தது. அதையும் கவிழ்த்தான். கடைசிப் புறாவையும் தொங்கவிட்ட பிறகே உடை மாற்றும் அறைக்கு ஓடினான். மணிகண்டன் பெஞ்சில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு ஷூவை மட்டும் கழற்றியிருந்தான். உயிர் இல்லை.

அன்றைக்கு ஒரு ரொட்டிகூட அமுங்கவில்லை.

(* கேஸ், அதாவது வாயு. நெஞ்சுவலிக்கு வளைகுடா ரூம்களில் வைக்கும் முதல் பெயர் இது. எனக்கும் ஒருமுறை சொன்னார்கள். சோடா குடித்தேன், சரியாகிவிட்டது. அதுதான் ஆபத்து.)

4.

உயிர்த்தெழும் பண்டிகை, செத்துப்போன மனிதன். இந்தப் பொருத்தம் எனக்கே உறுத்துகிறது. மாற்றி எழுதிப் பார்த்தேன். ஐயப்பன் ட்ரேயைப் போட்டுவிட்டு ஓடுகிறான். ரொட்டியெல்லாம் அமுங்குகிறது. இர்ஷாத் கத்துகிறான். ஆம்புலன்ஸ் வருகிறது. மணிகண்டன் கண்ணைத்...

முடியவில்லை. நான் வாங்கிய ரொட்டி அமுங்காமல்தானே இருந்தது? அதைத் தின்றும் முடித்துவிட்டேன்.

5.

ஊருக்குச் சொல்ல வேண்டும். இதற்கு இங்கே ஒரு முறை உண்டு. செத்துப்போனான் என்று யாரும் எடுத்தவுடன் சொல்வதில்லை. முதலில் 'சீரியஸ்' என்பார்கள். சாவு மறுநாள்தான் ஊர் போய்ச் சேரும். "சீரியஸ்னு மட்டும் சொல்லுப்பா" என்றான் இர்ஷாத்.

"கனகா, மாப்ளைய ஆஸ்பத்திரில சேத்துருக்கு. கொஞ்சம் சீரியஸா..."

ஐயப்பன் ஒன்றை மறந்துவிட்டான். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவன் வெளிநாட்டில் இருக்கிறான். 'சீரியஸ்' என்றால் என்னவென்று அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

கனகா அழவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்றும் கேட்கவில்லை.

"அண்ணே, உசுரு போறப்ப நீ கூட இருந்தியா?"

6.

இங்கே மாட்டிக்கொண்டேன். 'இருந்தேன்' என்று எழுதினால் அடுத்து, 'தண்ணி கேட்டாகளா, குடுத்தியா?' என்பாள். அந்தப் பொய்த் தண்ணீரை ஐயப்பன் ஆயுசு முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். 'இல்ல' என்று எழுதினால், 'எங்க போயிருந்த?' என்பாள். ரொட்டி கவிழ்த்துக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வான்? இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன்.

நைசாகக் கழன்றுகொள்கிறேன் என்று திட்டுவீர்கள். திட்டுங்கள். போனை உங்கள் காதில் வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்கிறது.

"அண்ணே... சொல்லுண்ணே."