வெதுவெதுப்பான பீர்

மனைவியின் அண்ணன் எதையும் லேசில் மெச்சுகிற ஆள் இல்லை. அவரிடம் போய், "டவுன்ல இருக்கற பார் நம்ம கைபட்ட கடை மச்சான், போனா ராஜ மரியாதைதான்" என்று அளந்துவிட்டார் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மூன்று மாதம் முன்பு அந்த பாரின் குளிர் அறையைப் பழுது பார்த்தவர் அவர்தான். அளந்தாகிவிட்டது, இனி கூட்டிப் போகாமல் முடியுமா? ஞாயிறு மதியம் இருவரும் போனார்கள்.

கழிவறைக் கதவை ஒட்டிய மேசைதான் கிடைத்தது. இருபது நிமிடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி ஒருவர், ஒற்றை ஆளாகப் பரிமாறிக்கொண்டிருந்தவர், "இதோ வரேன் சார்" என்று இரண்டு முறை சொல்லிக் கடந்து போனார்.

மச்சான் மெனு அட்டையால் விசிறிக்கொண்டார். "ராஜ மரியாதை கிளம்பிடுச்சா மாப்ளே, இல்ல இன்னும் குளிச்சிட்டு இருக்கா?"

ஒருவழியாக பீர் வந்தது. ஒரு வாய் குடித்ததும் மெக்கானிக்குக் காது சிவந்தது.

"என்னம்மா இது, கஷாயமா? இதைக் குடிக்கவா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம்? கூப்பிடுங்க உங்க மேனேஜரை!"

மொத்த பாரும் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். குளிர் ரூம் சரியில்ல. மூணு மாசம் முன்னாடி, நான் லீவுல இருந்தப்ப, ஒருத்தர் வந்து ரிப்பேர் பண்ணாரு. ரெண்டு வாரம்கூடத் தாங்கல. போன் பண்ணா எடுக்கறதே இல்ல. தினம் எல்லார்கிட்டயும் திட்டு வாங்கறது நான்தான்."

மெக்கானிக் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். பழுது பார்த்த அன்றே குளிர் அறையின் செப்புக் குழாய் இணைப்பில் மெல்லிய கசிவு இருந்தது அவருக்குத் தெரியும். அதைப் பற்றவைத்து அடைக்க இரண்டு மணி நேரம் ஆகும். வீட்டில் ஏதோ விசேஷம் என்று, குளிரூட்டும் கேஸை மட்டும் நிரப்பிவிட்டு நடையைக் கட்டினார். பிறகு தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்புகளையெல்லாம் துண்டித்தார்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். புதியவர், இவரைத் தெரியாது. "சார்கிட்ட மன்னிப்பு கேளுங்க" என்றார்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் அந்த அம்மா.

அந்த நொடியில் வாயைத் திறந்திருக்கலாம். பக்கத்தில் மச்சான் இருந்தார். மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினார், பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பவர் போல. வெளியே வந்ததும் மச்சான், "நல்லா கேட்டீங்க மாப்ளே" என்று முதல் தடவையாகப் பாராட்டினார். அந்தப் பாராட்டு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே பற்றவைக்கும் கருவியோடு போய் நின்றார். நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து சத்தம் போட்ட சார்தானே?"

"ஆமாம்மா. குளிர் ரூமை அரைகுறையா ரிப்பேர் பண்ணிட்டுப் போனவனும் நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பின்வாசல் திறந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு அடுத்த நாற்காலியை இறக்கப் போய்விட்டார்.