முப்பத்தொரு பைகளில் ஒரே பயறு

விதை ஆராய்ச்சி நிலையத்தில் பச்சைப்பயறில் நாற்பது ரகம் இருப்பதாகப் பதிவேடு சொன்னது. கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சைதான். மரபணுச் சோதனை செய்தால்தான் வித்தியாசம் தெரியும். அந்தச் சோதனை ஆய்வுக்கூடப் பெண்ணின் பொறுப்பு. ஒவ்வொரு பையின் விதையிலிருந்தும் முளைத்த நாற்றின் இலையை அரைத்து, மரபணுவைப் பிரித்தெடுத்து ஜெல்லில் ஓட்டிப் பார்த்தாள். ரகத்துக்கு ரகம் வேறாக விழ வேண்டிய பட்டைக் கோடுகள், முப்பத்தொரு ரகங்களுக்கு இம்மியும் பிசகாமல் ஒரே மாதிரி வந்தன.

"ஒரே குழாயில இருந்ததை முப்பத்தொரு தடவை ஊத்தியிருக்கீங்க," என்றார் துறைத் தலைவர். "இந்த லட்சணத்துல உங்க ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி நான் எப்படி எழுத?"

மூன்று வாரம் மாய்ந்து மாய்ந்து செய்தாள். புது நாற்று, புது ரசாயனம், புதுக் கையுறை. பட்டைகள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் 'கலப்படம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். வீட்டில் அவள் அழுதபோதெல்லாம் கணவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். அதே நிலையத்தில் விதை அறைப் பொறுப்பாளன் அவன்.

தன் கையில் தப்பில்லை என்று உறுதியானதும், ஒரு மத்தியானம் நேரே விதை அறைக்குப் போனாள்.

"என்னங்க, பையிலேயே ஏதோ தப்பு இருக்கு. எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துடலாமா?"

அவன் சலித்துக்கொண்டிருந்த சல்லடையைக் கீழே வைத்தான். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி விதை வச்சிருந்த குளிர்பெட்டி பழுதாச்சு. பத்து ரகம்தான் முளைச்சுது. சொன்னா வேலை போயிடும். அதுல நல்லா விளைஞ்ச ஒண்ணை எடுத்து, செத்துப்போன முப்பது பையிலயும் ரொப்பிட்டேன்."

"மூணு வாரமா நான் திட்டு வாங்கினப்போ இது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்." அவன் தரையைப் பார்த்தான். "கை தவறிடுச்சுன்னு சொல்லிடேன். உன்னோடது தற்காலிக வேலைதானே."

முப்பது ரகம் பூண்டோடு ஒழிந்திருந்தது. இனி எந்த வயலில் போய்த் தேடுவது? பயந்துபோய்ப் பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பாள். எல்லாம் தெரிந்துகொண்டே முதுகைத் தடவிய கையைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் நடந்ததை நடந்தபடி அறிக்கையாக எழுதித் தலைவரின் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"இதுல இருக்கறது உங்க வீட்டுக்காரராச்சே. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன் சார். இனிமே அவர்கிட்டப் பேச ஒண்ணுமில்ல," என்று மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தாள்.